ஓடும் சிக்னல் விளக்கு

காரின் பின்புறம் ஒரே பக்கத்தில் உள்ள மூன்று பல்புகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து நிரம்பி, வண்டி திரும்பும் திசையைக் காட்டும் அமைப்பு. பட்டறைகளில் ‘ரன்னிங் இண்டிகேட்டர்’ என்பார்கள்.

1965-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு தண்டர்பேர்டில் இது வந்தது. சிறு மோட்டார் ஒன்று கேம்களைச் சுழற்ற, அவை தொடுமுனைகளை வரிசையாக அழுத்தும். 1968 ஷெல்பி மஸ்டாங்கிலும் இதே தண்டர்பேர்டு விளக்குகளைத்தான் பொருத்தினார்கள்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஆடித் திருவிழாவில் சீரியல் செட் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தச் சூட்சுமம் பழகியதுதான். ஐசி வருவதற்கு முன் ரேடியோ செட்காரர்கள் மோட்டாரில் ஓர் உருளையைச் சுழலவிடுவார்கள். அதன்மேல் செப்புத் தகடு படிப்படியாக வெட்டி அடித்திருக்கும். உரசும் பட்டை தகட்டைத் தொட்டதும் அந்த வரிசை எரியும். இருட்டில் பொறி பறப்பது தெரியும். அம்மன் உருவத்தைச் சுற்றி ஒளி ஓடியதும், அமெரிக்கக் காரின் பின்னால் ஓடியதும் ஒரே வித்தை.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்னலை முயல ஏற்ற பழைய வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வடிவமைத்த இந்தப் பிரிட்டிஷ் மாடல் காரை 1961 முதல் வண்டலூர் அருகே தயாரித்தார்கள்.

வீட்டில் செய்யும் சர்க்யூட்டுக்கு வேண்டிய பொருள்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 555 டைமர் துடிப்பைத் தரும். பலரும் அடுத்து 4017 ஐசியை வாங்கிவிடுகிறார்கள். அதை அப்படியே போட்டால் ஒளி ஓடுமே தவிர நிரம்பாது, முதல் பல்பு அணைந்துதான் இரண்டாவது எரியும். எரிந்தது எரிந்தபடி நிற்க 4015 ஷிஃப்ட் ரிஜிஸ்டர் வேண்டும். அதன் ரீசெட் காலில் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் வைக்காவிட்டால் சிக்னல் போட்டதும் பல்புகள் கண்டபடி எரியும். ஒவ்வொரு 21 வாட் பல்பும் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாஸ்ஃபெட் தேவை. பழைய பிளாஷர் இழுக்கும் கரண்டைப் பொறுத்துத் துடிப்பது. பல்பு ஒன்றிரண்டாகக் கூடும்போது தாளம் தவறும். அதைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் பிளாஷர் போடுவதே வழி.

நிமிடத்துக்கு 90 துடிப்பு என்றால் பல்பு எரிவது மூன்றில் ஒரு நொடிதான். அதற்குள் மூன்றும் எரிந்தாக வேண்டும். ஐரோப்பிய விதியும் 200 மில்லி நொடிக்குள் வரிசை நிரம்பச் சொல்கிறது.

இந்தியாவில் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சிக்னல் விளக்கு ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை துடிக்க வேண்டும். தண்டர்பேர்டின் சிவப்புச் சிக்னல் இங்கே செல்லாது. அழகுக்காகச் சிவப்பு மூடியை வைத்திருக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

அறுபதுகளின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். பார்க்காமல் இணைத்தால் ஐசி அப்போதே போய்விடும். அடுத்த தொல்லை துரு. விளக்குக் கூட்டின் எர்த் சரியில்லை என்றால் சிக்னல் போடும்போது பிரேக் விளக்கும் மங்கலாக மினுங்கும். பழி சர்க்யூட்டின்மேல் விழும். உப்புத்தாளால் தேய்த்து, கூட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஓர் ஒயர் இழுத்தபிறகு பார்த்தால் சர்க்யூட்டில் பெரும்பாலும் குறையே இருக்காது.