காக்கப் பிறந்த அறிவு

பயிர்ப்புழுக்களைக் கொல்லும் பூஞ்சையின் வரலாற்றைத் தேடிச் சென்றால், நாம் வந்து நிற்பது வயலில் அல்ல, இத்தாலியின் பட்டுப்புழுக் கூடத்தில். அங்கே புழுக்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்து, விறைத்து, சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்தன. சட்டம் பயின்ற அகோஸ்தினோ பாஸி 1807இல் இந்நோயை ஆராயத் தொடங்கினார். அவ்வெண்மை உயிருள்ள பூஞ்சை என்றும், நோயைப் பரப்புவது அதுவே என்றும் 1835இல் நூலாக வெளியிட்டார். பாஸ்டரின் நுண்ணுயிர் ஆய்வுகளுக்கு முந்தைய காலம் அது. அப்பூஞ்சை இன்று அவர் பெயரால் பிவேரியா பாசியானா எனப்படுகிறது.

பட்டுப்புழுவைக் காக்கப் பிறந்த அவ்வறிவு, பிற புழுக்களைக் கொல்லவும் வழிகாட்டியது. ஒடெசாவில் 1879இல் மெச்னிகாவ், கோதுமையைத் தாக்கும் வண்டின் புழுக்கள்மீது வேறொரு பூஞ்சையைச் சோதித்தார். சீனத்திலோ 1970களில், மக்காச்சோளத் தண்டைத் துளைக்கும் புழுக்களுக்கு எதிராகப் பாஸியின் பூஞ்சையே பெருமளவில் பயன்பட்டது. புழு அதைத் தின்னவேண்டியதில்லை. தோலில் ஒட்டும் வித்து முளைத்து உடலைத் துளைத்து உட்புகும்.

நாம் வளர்க்கும் புழு, வெறுக்கும் புழு என்ற பேதம் பூஞ்சைக்குக் கிடையாது. ஆகவே மல்பெரித் தோட்டங்களின் அருகே அதைத் தெளிப்பது இன்றும் ஆபத்தே. பாஸி கண்ட நோய் மாறவில்லை. அதனிடம் நாம் வேண்டுவதுதான் மாறியிருக்கிறது.