தீ அணைந்த பிறகும் பேசிய வானொலி: சான்டா ரோசாவின் இரண்டு நிலையங்கள்

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சான்டா ரோசா. சொனோமா மாவட்டத்தின் தலைநகரான இவ்வூர் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. மக்கள்தொகை ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டியது. பெருநகரங்களின் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு இந்த ஊரின் அன்றாடம் செய்தியாவதில்லை. ஊருக்கென்று பேசிய வானொலி நிலையங்களுள் இரண்டு கே.எஸ்.ஆர்.ஓ.வும் கே.பி.பி.எஃப்.பும். 2017ஆம் ஆண்டுக் காட்டுத்தீயின்போதும் அதற்குப் பின் வந்த நெடிய ஆண்டுகளிலும் அவை ஆற்றிய பணி வானொலி வரலாற்றில் தனியே எழுதிவைக்கத் தக்கது. இக்கட்டுரை அதற்கான முயற்சி.

தொடக்கம்

கே.எஸ்.ஆர்.ஓ. நிலையம் 1937இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. நிறுவியவர் உள்ளூர் நாளிதழான 'பிரஸ் டெமாக்ரட்'டை நடத்திவந்த எர்னஸ்ட் ஃபின்லி. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டப்பட வேண்டும் என்று வடகரையிலிருந்து விடாது வாதாடியவர்களுள் ஒருவர் அவர். அந்தப் பாலம் திறக்கப்பட்ட அதே ஆண்டில் அவருடைய வானொலியும் பிறந்தது. அன்று சொனோமா முழுக்க முழுக்க விவசாய பூமி.

நிலையம் பின்னர் கைமாறியது. இசைக்கு மக்கள் பண்பலையை நாடிச் சென்ற காலத்தில் மத்திய அலை நிலையங்கள் பலவும் தளர்ந்தன. 1350 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த கே.எஸ்.ஆர்.ஓ. செய்தியையும் உரையாடலையும் தன் முகமாக ஆக்கிக்கொண்டு நிலைத்தது. நேயர் தொலைபேசியில் அழைப்பார். தொகுப்பாளர் பதில் சொல்வார். நகர மன்ற உறுப்பினரையும் மாவட்ட மேற்பார்வையாளரையும் அழைத்து உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். இதுதான் அதன் அன்றாடம்.

இரண்டாவது நிலையத்தின் பிறப்பு வேறு வகையானது. திராட்சைத் தோட்டங்களில் உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மொழியில் ஊர்ச் செய்தி சொல்ல ஆளில்லாத காலம் அது. மாணவர்களும் தொழிலாளர் சமூகத்தினரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்து, 1973இல் 89.1 மெகாஹெர்ட்ஸில் கே.பி.பி.எஃப். நிலையத்தைத் தொடங்கினார்கள். ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒலிபரப்பிய அமெரிக்காவின் முதல் இருமொழிப் பொது வானொலி என்ற பெருமை இதற்கு உண்டு. விளம்பர வருவாய் கிடையாது. தன்னார்வலர்களின் உழைப்பும் நேயர்களின் நன்கொடையும் அதன் பலம்.

2017 அக்டோபர் 8

அன்று இரவு பத்து மணிக்குச் சற்று முன்பாக, பக்கத்து நாபா மாவட்டத்தில் கலிஸ்டோகா ஊரின் டப்ஸ் லேன் அருகே தீ பற்றியது. மலைமுகடுகளில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டி வீசிய காற்று அதைச் சில மணி நேரத்திலேயே சான்டா ரோசாவுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஆறு வழி கொண்ட 101ஆம் நெடுஞ்சாலையைத் தாண்டிய தீப்பொறிகள், காட்டுத்தீ எட்டாது என்று எல்லாரும் நம்பியிருந்த காஃபி பார்க் குடியிருப்பில் விழுந்தன. அங்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. டப்ஸ் தீயில் மொத்தம் 22 பேர் இறந்தனர். 5,636 கட்டடங்கள் அழிந்தன. நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகள் இரவோடு இரவாகக் காலி செய்யப்பட்டன. 'பீனட்ஸ்' சித்திரத் தொடரைப் படைத்த சார்ல்ஸ் ஷுல்ஸ் வாழ்ந்த வீடும் எரிந்துபோனது.

செல்பேசிக் கோபுரங்கள் பல எரிந்தன, மின்சாரம் நின்றது, இணையம் அறுந்தது. அப்பகுதியில் உள்ள செல்பேசிகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய கம்பியில்லா எச்சரிக்கை முறையை மாவட்ட நிர்வாகம் அன்று பயன்படுத்தவில்லை. மாவட்டம் முழுவதும் பீதி பரவிச் சாலைகள் அடைபடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் குறுஞ்செய்தி போனது. மற்றவர்களில் பலர் கதவு தட்டிய காவலராலோ அக்கம்பக்கத்தாராலோ விழித்தெழுந்தவர்கள்.

காரில் ஏறியவர்களின் கை தானாக வானொலிக்குப் போனது. கே.எஸ்.ஆர்.ஓ.வின் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் பாட் கெரிகனும் அவருடைய சகாக்களும் அன்று தொடங்கிய இடைவிடாத ஒலிபரப்பு நாள்கணக்கில் நீண்டது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த முகாமில் இடமிருக்கிறது, குதிரைகளை எங்கே கொண்டு சேர்ப்பது, இன்னாரைக் கண்டவர் உண்டா என்று நேயர்கள் கேட்டார்கள். நேயர்களே பதிலும் சொன்னார்கள். சாலைப் பெயரைச் சொன்னவுடன் அது எந்த மேடு, எந்தத் திருப்பம் என்று அறிந்த தொகுப்பாளர் ஒலிவாங்கியின் முன் இருந்ததுதான் இதைச் சாத்தியமாக்கியது. வெளியூர் நிலையம் எவ்வளவு பெரியதானாலும் இதைச் செய்திருக்க இயலாது.

அதே நாள்களில் கே.பி.பி.எஃப். இன்னொரு சுமையைத் தூக்கியது. மாவட்டத்தில் நான்கில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வழியினர். ஆனால் அரசின் அறிவிப்புகள் முதலில் ஆங்கிலத்திலேயே வந்தன. அவற்றை ஸ்பானிய மொழியில் உடனுக்குடன் சொன்னார்கள் இந்நிலையத்தின் தன்னார்வலர்கள். மெக்சிகோவின் ஒஹாக்காப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்களில் பலருக்கு ஸ்பானிய மொழியும் கைவராது. மிக்ஸ்டெக், திரிக்கி போன்ற பழங்குடி மொழிகளே தாய்மொழி. அம்மொழிகள் பேசுவோரையும் அழைத்துவந்து ஒலிபரப்பினார்கள். நிவாரண முகாமுக்குப் போனால் குடியேற்றத் துறை பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் பரவியிருந்த நேரம் அது. அந்த அச்சத்தைத் தணிக்க, அவர்கள் ஏற்கெனவே நம்பிய ஒரு குரல் வேண்டியிருந்தது.

தீக்குப் பின்

வெளியூர்க் கேமராக்கள் சில வாரங்களில் புறப்பட்டுப் போய்விட்டன. ஊரின் உண்மையான துன்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இவ்விரு நிலையங்களின் உயர்ந்த பணியும் அப்போதுதான் தொடங்கியது என்பது என் துணிபு.

சாம்பலை அள்ளுவது யார்? அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை வந்தது. 1906 நிலநடுக்கத்துக்குப் பின் கலிபோர்னியா கண்ட மிகப் பெரிய இடிபாட்டு அகற்றம் என்று அதைச் சொன்னார்கள். அவர்கள் வருவதற்கு வீட்டுக்காரர் எந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், கான்கிரீட் அடித்தளத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டால் யார் பொறுப்பு, காப்பீட்டுத் தொகை வீடு கட்டப் போதவில்லையே, நகராட்சி அனுமதி எப்போது கிடைக்கும், வீட்டு வாடகையை இப்படி ஏற்றலாமா என்று நூறு கேள்விகள். ஒவ்வொன்றும் உள்ளூர் உரையாடல் வானொலிக்கு உரிய பொருள். காஃபி பார்க் குடியிருப்பாளர்கள் தெருவுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்களைத் தேர்ந்து, 'காஃபி ஸ்ட்ராங்' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். குடியேற்ற ஆவணம் இல்லாததால் கூட்டாட்சி அரசின் உதவி பெற முடியாத குடும்பங்களுக்காகத் தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்து 'அன்டாக்யூஃபண்ட்' என்ற நிதியைத் தொடங்கின.

அரசியல் கேள்விகள் இன்னும் கடுமையானவை. ஏன் எச்சரிக்கவில்லை என்று மக்கள் கேட்டார்கள். மாவட்டத்தின் எச்சரிக்கைத் திட்டம் குறைபாடுடையது, பழமையானது என்று 2018இல் மாநில அரசின் ஆய்வே சொன்னது. அதே ஆண்டு மாநிலம் முழுமைக்கும் அவசர எச்சரிக்கை நெறிமுறைகளை வகுக்கும் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் அப்போது இப்பகுதியின் மாநில செனட் உறுப்பினராக இருந்த மைக் மெக்குவைர். தீக்குக் காரணம் யார் என்ற கேள்வியும் நீண்டது. மின் நிறுவனமே காரணம் என்று ஊரில் பலர் நம்பியிருக்க, தனியார் வீட்டு வளாகம் ஒன்றின் மின்னமைப்பே காரணம் என்று 2019 ஜனவரியில் மாநிலத் தீயணைப்புத் துறை அறிவித்தது. கொதித்துப் போயிருந்த ஊரில் இத்தகைய செய்தியைச் சொல்லி, எதிர்வாதம் செய்பவரையும் அழைத்துப் பேசவைப்பது எளிய காரியமன்று. கோபத்துக்கும் இடம் கொடுத்து உண்மைக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஊர் வானொலியின் அரசியல் கடமை என்று நான் கருதுவது இதைத்தான்.

பண்பாட்டை விட்டுவிட்டு இந்த வரலாறு நிறைவு பெறாது. கே.எஸ்.ஆர்.ஓ.வில் ஸ்டீவ் ஜாக்சனின் 'தி டிரைவ்' என்ற மாலை நிகழ்ச்சி திராட்சை மது, உணவு, இசை, நாடகம், அரசியல் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பேசியது. தீக்குப் பின் உணவகங்களும் திராட்சைத் தோட்டங்களும் விருந்தினர் வராமல் தவித்தபோது, அவற்றை நடத்துபவர்களின் குரல் கேட்பது ஊருக்கு வேண்டிய மருந்தாக இருந்தது. இழப்பை மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் ஊர் மீண்டெழாது. கே.பி.பி.எஃப். தன் பங்குக்குத் தொழிலாளர் உரிமை, குடியேற்றச் சட்டம், மெக்சிகோவின் இசை என்று பேச்சைத் தொடர்ந்தது.

மீண்டும் ஒரு சோதனை

2019 அக்டோபர் 23 இரவு, மாவட்டத்தின் வடகிழக்கு மலைகளில் கின்கேட் தீ எழுந்தது. இம்முறை ஊர் தயாராக இருந்தது. செல்பேசிகள் ஒலித்தன, காவல் வண்டிகள் ஏற்ற இறக்க ஒலி கொண்ட தனிச் சங்கை ஊதின, ஹீல்ட்ஸ்பர்க், வின்ட்சர் ஆகிய ஊர்கள் முழுவதும் காலி செய்யப்பட்டன. ஏறத்தாழ 1,80,000 பேர் வெளியேறினார்கள். 374 கட்டடங்கள் அழிந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. தீயணைப்பு வீரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் உரிய புகழ் இது. ஆனால் இரண்டு ஆண்டுகள் இடைவிடாது கேள்வி கேட்ட ஊர்ப்பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் தீயின் பாடத்தை மறக்க விடாமல் காத்தது அந்தப் பேச்சு.

நாம் கொள்ள வேண்டியது

ஆபத்து வந்த பிறகு வானொலி நிலையம் கட்ட முடியாது. 1937லிருந்தும் 1973லிருந்தும் இந்த ஊரோடு அன்றாடம் பேசிப் பழகியிருந்ததால்தான் 2017இல் அவ்விரண்டின் சொல்லையும் மக்கள் நம்பிப் பின்தொடர்ந்தார்கள். வானிலை, நகர மன்றக் கூட்டம், சந்தை நிலவரம் என்று சாதாரண நாள்களில் சொன்ன சாதாரணச் செய்திகளே அந்த நம்பிக்கையைச் சேர்த்துவைத்தன. ஆகவே வானொலி அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் ஊரில் உங்கள் மொழியில் பேசும் நிலையம் சிறியதாயினும் அதைக் கேளுங்கள், அழைத்துப் பேசுங்கள், நன்கொடை கேட்டால் இயன்றதைக் கொடுங்கள். மின்கலத்தில் இயங்கும் ஒரு டிரான்சிஸ்டரையும் வீட்டில் வைத்திருங்கள்.