தென்னையில் இடம், வலம் உண்டா?

எங்கள் எருத்தேன்பதியை இங்கே துபாயில் மலையாளிக்கும் தெரியாது, தமிழனுக்கும் தெரியாது. பழைய கொச்சி சமஸ்தானத்தின் சித்தூர் தாலுகா. 1956-லிருந்து கேரளம்; இப்போது பாலக்காடு மாவட்டம். ஆபீஸ் காகிதம் மலையாளம், வீட்டுப் பேச்சு தமிழ். எல்லையில் பிறந்ததாலோ என்னவோ, வேலி தாண்டியவர்கள் கதை என்றால் எனக்குத் தனி ருசி.

நம் வீடுகளில் பெரிய வேலி எது? பத்தாவது முடிந்ததும் "சயன்ஸா, காமர்ஸா?" என்று கேட்கிறோமே, அதுதான். நான் பி.காம். படித்து வங்கிக்கு வந்தவன். காமர்ஸ்காரனுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் கதை.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர் பி. சி. மகலனோபிஸ். 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைந்தது என்று தெரிய வேண்டும். எல்லா வயலையும் அளக்க முடியாது. சில வயல்களை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து அளந்தால் போதும், பிழை எவ்வளவு இருக்கும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லலாம் என்று காட்டினார். சோதனைச்சாலை அளவையில் பழகிய மூளை, வயலுக்கு இறங்கியது. பிறகு அதே மனிதர்தான் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956-61) பொருளாதாரக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

அந்த நிறுவனத்துக்கு 1957-ல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார் ஜே. பி. எஸ். ஹால்டேன். உலகப் புகழ் பெற்ற மரபியல் மேதை; வயது 64. நாமெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போக, அவர் எதிர்த்திசையில் வந்து இந்தியக் குடியுரிமையும் வாங்கினார்! சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்ததைக் கண்டித்தே கிளம்புவதாகச் சொன்னார். இன்னொரு வேடிக்கை: அவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும். விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே கிடையாது.

விலை உயர்ந்த கருவி வாங்க வசதியில்லாத நாட்டிலும் நல்ல ஆராய்ச்சி செய்யலாம். கண்ணும் நோட்டுப் புத்தகமும் பொறுமையும் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. ஆந்திராவிலிருந்து வந்த மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு, நம் ஊர் வேலியோரத்திலும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் முன் நின்று, எந்த வண்ணத்துப்பூச்சி எந்த நிறப் பூவில் உட்காருகிறது என்று எண்ணினார். ஒவ்வொரு வகைப் பூச்சிக்கும் ஒரு நிறத்தில் மோகம். அப்படியானால் மகரந்தமும் பெரும்பாலும் ஒரே நிறப் பூக்களுக்குள்தானே சுற்றும்? காலப்போக்கில் ஒரு செடியே இரண்டு இனமாகப் பிரியலாம் அல்லவா? இந்தக் கேள்வி 1960-ல் 'நேச்சர்' இதழில் அச்சானது. ஹால்டேனின் மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் சுரேஷ் ஜயகரும் மண்கூடு கட்டும் குளவிகளைக் கவனித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தென்னை. காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து பின்னர் கல்கத்தா போனவர் டி. ஏ. டேவிஸ். தென்னையில் மட்டைகள் சுழல் படிக்கட்டு போல மரத்தைச் சுற்றி வரும். சில மரத்தில் இடப்பக்கமாக, சில மரத்தில் வலப்பக்கமாக. இது தாய்மரத்திலிருந்து வருகிறதா? இல்லை என்று 1962-ல் எழுதினார். இடச்சுழி மரத்தின் காயை நட்டாலும் கன்றுகள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். அடுத்த வருடம் இன்னொரு கட்டுரை: இடச்சுழி மரங்கள் கூடுதலாகக் காய்க்கின்றன! மரபியல் தோப்புக்காரனின் வரவு-செலவுக்குள் நுழைந்துவிட்டது.

எல்லாம் சுமுகமாக முடியவில்லை. நிறுவனத்தை நடத்தும் முறையில் மனக்கசப்பு வந்து 1961-ல் ஹால்டேன் விலகினார். புவனேசுவரத்தில் புதிய ஆய்வகம் தொடங்கி, 1964-ல் அங்கேயே காலமானார்.

ஆனாலும் பாருங்கள். சணல், ஐந்தாண்டுத் திட்டம், பட்டாம்பூச்சி, தென்னை - நாலுக்கும் அடியில் இருந்தது ஒரே வேலை: நேர்மையாக எண்ணுவது, எண்ணியதில் பிழை எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்வது. ஒரு வங்கிக்காரனுக்கு இது புரியாதா என்ன?

எங்கள் வீட்டிலும் இந்த வருடம் பெண்ணுக்குப் பத்தாவது. எந்தப் பக்கம் போனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த லீவில் ஊர்த் தோப்பில் நூறு மரம் எண்ணப் போகிறோம். இடச்சுழி எத்தனை, வலச்சுழி எத்தனை என்று. உங்கள் ஊரில் தென்னை இருந்தால் நீங்களும் பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்கள். செலவு ஒரு பென்சில்தான்.