ஒரு வரி, ஆயிரம் கணினி

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒன்றாக விழுந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். டேட்டா முடிஞ்சுதோ எண்டு பார்த்தவர்கள், போனை நிறுத்தி நிறுத்திப் போட்டவர்கள், ரவுட்டரைக் கழற்றிப் பூட்டியவர்கள் எண்டு எல்லாரும் முதலில் சந்தேகப்பட்டது தங்கட வீட்டைத்தான். அடுத்த நாள் நிறுவனம் விளக்கம் கொடுத்தது. பராமரிப்பு வேலையின்போது, தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பின் கொள்ளளவை அளந்து பார்க்க ஒரு கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது. அது தவறுதலாக எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படியான கட்டளைகளைப் பரிசோதித்துத் தடுக்கவென்றே ஒரு கருவி இருந்தது, அதிலும் ஒரு பிழை. கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம்.

ஒரு கட்டளை எப்படி இவ்வளவு தூரம் போகும்? இதற்கு விஞ்ஞான பீடத்து நண்பர்கள் ஒரு விடை சொல்வார்கள். வரலாற்றிலும் ஒரு விடை இருக்கிறது. பல கணினிகளை ஒருவரே ஆளுவது எப்படி என்ற கேள்வியோடு, அந்தக் கணினிகள் யாருடைய சொல்லை ஏன் கேட்க வேணும் என்ற கேள்வியும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது.

முதலில் இரண்டு சொற்கள். கிளஸ்டர் என்பது பல கணினிகளை வலையமைப்பால் கட்டி, வேலையைப் பங்கிட்டுச் செய்யவைக்கும் ஏற்பாடு. சேவை என்று தொழில்நுட்பக்காரர் சொல்வது அந்தக் கணினிகளின் பின்னணியில் ஓய்வில்லாமல் ஓடும் நிரல்களை: மின்னஞ்சலை வாங்கி அனுப்புவது, கோப்புகளைக் கேட்பவருக்குக் கொடுப்பது போன்றவை. இவற்றைத் தொடங்க வேணும், நிறுத்த வேணும், மக்கர் பண்ணினால் திருப்பித் தொடங்க வேணும். ஒரு கணினி எண்டால் முன்னால் போய் இருந்து ரைப் பண்ணலாம். நாற்பது எண்டால்?

1983இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி என்ற யுனிக்ஸ் பதிப்பில் இதற்கு ஒரு வழி இருந்தது. ஆர்.எஸ்.எச் என்று பெயர். இருந்த இடத்தில் இருந்தபடியே, இன்னொரு கணினியின் பெயரையும் அங்கே நடக்க வேண்டிய வேலையையும் ஒரே வரியில் எழுதினால் போதும், அங்கே அது நடக்கும். கணினிகளின் பெயர்களைப் பட்டியலாகப் போட்டு, அதே வரியை ஒவ்வொன்றுக்கும் ஓடவிட்டால் நாற்பதும் ஒருவர் கையில். கடவுச்சொல்லும் தேவைப்படாமல் செய்யலாம். எந்தெந்தக் கணினியிலிருந்து வருபவரை நம்பலாம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோப்பு எழுதிவைக்கப்பட்டிருக்கும். பெயர் அதில் இருந்தால் கதவு திறக்கும். இன்னாற்ற பிள்ளை எண்டு சொன்னால் கேள்வி கேட்காமல் வீட்டுக்குள்ள விடுற மாதிரி.

இதைப் பார்த்து இப்போது சிரிப்பது லேசு. ஆனால் அன்றைய வலையமைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் அரச, இராணுவ நிறுவனங்களும்தான். ஆளுக்காள் தெரிந்த ஒரு சின்ன ஊர் அது. ஊர் பெருத்த பிறகும் பழக்கம் மாறவில்லை என்பதுதான் பிரச்சினை.

1988 நவம்பர் 2ஆம் திகதி கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மாணவர் றொபேர்ட் மொறிஸ் ஒரு நிரலை அவிழ்த்துவிட்டார். அப்போது அவருக்கு 22 வயது, ஏறக்குறைய எங்கட வயசு. தானாகவே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய அந்தப் புழு, மின்னஞ்சல் நிரலில் இருந்த ஓட்டையையும் பலவீனமான கடவுச்சொற்களையும் பயன்படுத்தியது. கூடவே இந்த நம்பிக்கைப் பட்டியல்களையும் பயன்படுத்தியது. ஒரு கணினிக்குள் நுழைந்தால், அதை நம்புகிற மற்றக் கணினிகளின் கதவுகள் ஏற்கெனவே திறந்துதான் இருந்தன. 6000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்று அடிக்கடி சொல்லப்படுவது ஒரு ஊகக் கணக்கு. மொறிஸுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணித்தியாலச் சமூக சேவையும், பத்தாயிரம் டொலருக்குச் சற்று மேல் தண்டப்பணமும் கிடைத்தன. பிறகு அவர் எம்.ஐ.ரியில் பேராசிரியரானார். யுனிக்ஸின் கடவுச்சொல் பாதுகாப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர் அவருடைய தகப்பன் என்பது இந்தக் கதையின் விசித்திரமான கிளை.

அதற்குப் பிறகும் ஆர்.எஸ்.எச் உடனே சாகவில்லை. 1994இல் நாசாவில் தோமஸ் ஸ்ரேர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் 16 சாதாரண கணினிகளை இணைத்து 'பெயவுல்ஃப்' என்ற மலிவான கிளஸ்டரைக் கட்டினார்கள். அந்த வழியில் மற்ற இடங்களிலும் கிளஸ்டர்கள் முளைத்தபோது, பூட்டிய வலையமைப்புக்குள் பழைய ஆர்.எஸ்.எச்தான் பல இடங்களில் ஓடியது. அடுத்த வருடம், ஹெல்சிங்கியில் தன் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைக் கண்ட ரற்று யூலோனன், எஸ்.எஸ்.எச்சை எழுதி இலவசமாக வெளியிட்டார். போகும் வரி மறைகுறியாக்கப்படும், வருபவர் திறப்பைக் காட்டி ஆளை நிரூபிக்க வேண்டும். இன்றும் உலகின் சேர்வர்களுக்குள் ஆட்கள் நுழைவது பெரும்பாலும் இந்த வாசலால்தான்.

வாசல் பத்திரமானது, சரி. ஆனால் உள்ளே போன பிறகு சொல்லப்படுவது அதே கட்டளைதான்: இதைச் செய். இந்த வகைக் கட்டளையில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. சொல்லும் நேரத்தில் நிறுத்தியிருந்த கணினிக்கு அது கேட்காது. இரண்டாவது தரம் சொன்னால் இரண்டாவது தரமும் செய்யும். ஒரு கோப்பில் இந்த வரியைச் சேர் என்று மறந்துபோய் இருமுறை சொன்னால், கோப்பில் இரண்டு வரி. சில மாதங்கள் போக, ஒரே மாதிரி இருக்க வேண்டிய நாற்பது கணினிகளும் நாற்பது விதமாக நிற்கும்.

இதற்கு 1993இலேயே வேறொரு கோணத்தில் விடை தேடியவர் மார்க் பேர்ஜஸ். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த கோட்பாட்டுப் பௌதிகவியலாளர். வெவ்வேறு வகை யுனிக்ஸ் கணினிகளைக் கட்டி மேய்க்க அவர் எழுதிய கருவி சி.எஃப்.என்ஜின். அதில் என்ன செய்ய வேணும் என்று எழுதுவதில்லை, கணினி எப்படி இருக்க வேணும் என்று எழுதுவது. மின்னஞ்சல் சேவை ஓடிக்கொண்டிருக்க வேணும், இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேணும். ஒவ்வொரு கணினியிலும் உள்ள சின்ன நிரல் அந்த எழுத்தை எடுத்து, தன் நிலையோடு ஒப்பிட்டு, பிசகியிருந்தால் திருத்தும். சரியாக இருந்தால் ஒன்றும் செய்யாது. நூறு தரம் ஓடினாலும் முடிவு ஒன்றுதான். 1998இல் அவர் இதை உடலின் நோயெதிர்ப்போடு ஒப்பிட்டு எழுதினார். பிறகு இன்னும் ஒரு படி போய், ஒரு கணினி தன் நடத்தையைப் பற்றி மட்டுமே வாக்குறுதி கொடுக்கலாம், இன்னொன்றின் சார்பில் கொடுக்க முடியாது என்று ஒரு கோட்பாட்டையே கட்டினார்.

அரசறிவியல் விரிவுரையில் இருந்து தப்பிவந்த வாக்கியம் மாதிரி இருக்கு, இல்லையா? எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். ஆனாலும் அதிகாரம் போய்விட்டது என்று இதை வாசிக்க என்னால் ஏலாது. அந்த நிலையை எழுதுபவரின் கைக்கு அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

2014இல் கூகிள் வெளியிட்ட குபெர்னெட்டிஸ் (கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர்) இதே சிந்தனையைக் கிளஸ்டர் முழுமைக்கும் கொண்டுபோனது. இந்தச் சேவைக்கு மூன்று பிரதிகள் ஓட வேணும் என்று ஒரு வரியில் சொன்னால், எந்தக் கணினியில் என்று அதுவே முடிவெடுக்கும். ஒரு கணினி செத்தால் பிரதியை வேறிடத்தில் எழுப்பும். மூன்றுக்குப் பதிலாகப் பூச்சியம் என்று ரைப் பண்ணினாலும் அதே விசுவாசத்தோடு பூச்சியத்தைக் காப்பாற்றும்.

2017 பெப்ரவரி 28 காலை, அமேசனின் எஸ்-3 சேமிப்புச் சேவையில் ஒருவர் சில சேர்வர்களை மட்டும் விலக்கக் கட்டளை கொடுத்தார். உள்ளீடு ஒன்று பிழைத்தது, நினைத்ததைவிடப் பெரிய தொகுதி விலகியது. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கு வைத்திருந்த பகுதியையே முழுதாகத் திருப்பித் தொடங்க வேண்டி வந்தது. பல வருடமாக அப்படி யாரும் தொடங்கியதே இல்லை. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஏராளமான இணையத்தளங்கள் படுத்தன. சேவை விழுந்துவிட்டது என்று அறிவிக்கிற அமேசனின் சொந்தப் பக்கத்தைக்கூட மாற்ற முடியவில்லை, ஏனெண்டால் அதுவும் எஸ்-3ஐ நம்பித்தான் இருந்தது.

மொறிஸின் பெயரை நாங்கள் 1988ஓடு சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறம். அமேசனின் அறிக்கையில் அந்த ஊழியருக்குப் பெயர் இல்லை. அனுமதி பெற்ற ஒருவர் வழமையான நடைமுறைப்படிதான் செய்தார் என்று மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கருவியில் செய்த மாற்றங்கள்: இனி அது சேர்வர்களை மெதுவாகவே விலக்கும், தேவையான ஆகக் குறைந்த அளவுக்குக் கீழே போகச் சொன்னால் மறுத்துவிடும்.