பெயர் வைத்தவர்களும் படிக்க வைத்தவர்களும்

1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றியது அது. கெட்டிக்காரன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கண்ணில் கோளாறில்லை. ஆனால் ஏழு வயது முதல் சொல்லிக்கொடுத்தும் மிகச் சிறிய சொற்களைக்கூட எழுத்துக்கூட்டத் திணறினான். தன் பெயரையே 'பிரெசி' என்று எழுத்து மாற்றி எழுதினான். பலமுறை சுட்டிக்காட்டிய பிறகே அது பிழை என்று அவனுக்குத் தெரிந்தது. பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். இந்நிலைக்கு அவர் தந்த பெயர், பிறவிச் சொற்குருடு.

கற்றல் குறைபாட்டின் வரலாறு வழக்கமாக இப்படித்தான் தொடங்கும்: ஒரு மருத்துவர், ஒரு பையன், ஒரு பெயர். ஜெர்மனியில் ருடால்ஃப் பெர்லின் 1887இல் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லைத் தந்தார். கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1917இல் சொற்குருடு பற்றி ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் 1925இல் தம் கட்டுரையை வெளியிட்டார். 1963இல் சிகாகோவில் கூடிய பெற்றோர்களிடம் பேசிய சாமுவேல் கிர்க், 'கற்றல் குறைபாடு' என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட தொடரைப் பரப்பினார். பெயர்கள் தேவைதான். 'மக்கு', 'சோம்பேறி' என்பவற்றுக்கு மாற்றாக ஒரு சொல் கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் பெயர் வைத்த மறுநாள் காலை அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருமே, அதற்கு என்ன செய்வது? அந்த வேலையைக் கையிலெடுத்தவர்களில் பலர் பெண்கள்.

கிரேஸ் ஃபெர்னால்டை எடுத்துக்கொள்வோம். 1907இல் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர். லாஸ் ஏஞ்சல்ஸில் இன்றைய கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில் வாசிக்க இயலாத பிள்ளைகளுக்கென ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். 1921இல் ஹெலன் கெல்லருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார் (நாமறிந்த ஹெலன் கெல்லர் அல்ல, பெயரொற்றுமை மட்டுமே). இருபதாண்டுகளுக்கும் மேலான அனுபவத்தை 1943இல் நூலாக்கினார்.

அவருடைய முறை எளிமையானது. முதல் சொல்லைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். எவ்வளவு நீளமான சொல்லானாலும் பரவாயில்லை. ஆசிரியர் அதைத் தாளில் கிரேயானால் பெரிதாக எழுதித் தருவார். பிள்ளை அதன்மேல் விரலால் தடவிக்கொண்டே ஒவ்வொரு பகுதியையும் வாய்விட்டுச் சொல்லும். பென்சில் கூடாது, விரல் தாளில் பட வேண்டும். பார்க்காமல் எழுத முடியும் என்று தோன்றும்வரை தடவலாம், எத்தனை முறை என்ற கணக்கில்லை. பிறகு சொல்லை முழுதாக எழுத வேண்டும். பிழை வந்தால் அழித்துத் திருத்துவதில்லை. மறுபடி தடவி, சொல்லை முதலிலிருந்து எழுத வேண்டும். கற்ற சொல் அகரவரிசைப்படி பிள்ளையின் சொந்தப் பெட்டியில் சேரும். அந்தச் சொற்களைக் கொண்டு பிள்ளை எழுதும் கதையைத் தட்டச்சு செய்து உடனே கையில் கொடுப்பார்கள். அதுவே அதன் வாசிப்புப் பாடம். அகராதி பார்ப்பது, குறிப்புகளை வகைபிரித்து வைப்பது என்று இன்று படிப்புத்திறன் பயிலரங்குகளில் பாடமாக நடத்தப்படுவதெல்லாம் அந்தச் சிறு பெட்டிக்குள் இருந்தது.

என்னை அதிகம் ஈர்ப்பது அவர் தவிர்க்கச் சொன்ன நான்கு விஷயங்கள். பிள்ளையின் பழைய காயத்தைக் கிளறக் கூடாது. ஏற்கெனவே தோற்ற முறையை மறுபடி திணிக்கக் கூடாது. மற்றவர் முன் கூச வைக்கக் கூடாது. முடியாததையே சுட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் வகுப்பறைகளில் மெதுவாகப் படிக்கும் மாணவியை எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்கிறோம். ஒரே நிமிடத்தில் இந்த நான்கும் நடந்துவிடுகின்றன. தன்னம்பிக்கையைத் தனிப்பாடமாகக் கற்பிக்க ஃபெர்னால்ட் முயலவில்லை. முதல் நாளிலேயே ஒரு சொல்லைச் சரியாக எழுத வைத்தார்.

நியூயார்க்கில் ஆர்ட்டனுடன் பணியாற்றிய அன்னா கில்லிங்காம் வேறு வழியில் போனார். அவரும் தோழி பெஸ்ஸி ஸ்டில்மனும் 1930களில் எழுதிய கையேடு, சொல்லில் அல்லாமல் ஒலியில் தொடங்கியது. எழுத்தைப் பார், ஒலியைச் சொல், கேட்டதை எழுது. கண்ணும் காதும் கையும் ஒன்றையொன்று சரிபார்க்கும். எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியான வரிசை, தினமும் பழைய பாடத்தின் மீள்பார்வை. இன்று உலகமெங்கும் இது 'ஆர்ட்டன்–கில்லிங்காம் முறை'. கையேட்டை எழுதிய இருவரில் ஸ்டில்மன் பெயர் உதிர்ந்துவிட்டது, அதை எழுதாத மருத்துவரின் பெயர் முன்னால் நிற்கிறது.

இம்முறையில் பயிற்றுவிப்போர் பலர் இன்று மணல் தட்டைப் பயன்படுத்துகிறார்கள். மணல் நமக்குப் புதிதல்ல. 1789இல் சென்னை எழும்பூர் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூல் வழியே அது 'மெட்ராஸ் முறை'யின் பகுதியாகப் பரவியது. இன்றைய மணல் தட்டு அதன் வாரிசு என்று நான் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து நிற்கவும் மனமில்லை. 1826இல் தாமஸ் மன்றோ தந்த கணக்கின்படி சென்னை மாகாணப் பள்ளிகளில் படித்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். பெரும்பாலான பெண்களின் விரல் அந்த மணலைத் தொடவே இல்லை.

பள்ளிக்குள் வந்த பிறகும் பெண்பிள்ளைகள் கண்ணில் படவில்லை. சாலி ஷேவிட்ஸும் குழுவினரும் கனெக்டிகட் மாநிலத்தில் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. இரண்டாம் வகுப்பில், வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள் என்று பள்ளிகள் அடையாளம் கண்டவர்களில் ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைப் போல் 4 மடங்குக்கு மேல். ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே சோதித்தபோது அந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துபோனது. பையன் பெஞ்சைத் தட்டுவான், சண்டை போடுவான், ஆசிரியர் அவனை அனுப்பிவைப்பார். பெண் தலையைக் குனிந்துகொண்டு கரும்பலகையைப் பார்த்து எழுதுவாள். அடக்கமானவள் என்று நற்சான்றும் வாங்குவாள்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 வகை மாற்றுத்திறன்களில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில்தான் இடம்பெற்றது. தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தோற்ற மகனுக்கு டுடோரியல் தேடும் வீடு, மகளுக்கு வரன் தேடத் தொடங்கிவிடுகிறதே.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. 'கெ' என்பதில் காது முதலில் 'க்' என்ற ஒலியைக் கேட்கிறது, கை முதலில் கொம்பைப் போடுகிறது. ல, ள, ழ மூன்றும் பலருடைய பேச்சில் ஒன்றாகிவிட்டன, தாளில் மட்டும் மூன்றாக நிற்கின்றன. ஆங்கிலத்துக்கு எழுதிய கையேட்டை அப்படியே பெயர்த்தால் இவை அகப்படா.

என் முதலாண்டு மாணவிகள் சிலருக்காக ஃபெர்னால்டின் பெட்டியை வைத்துப் பார்க்கிறேன். காலிச் செருப்புப் பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிய அட்டைகள். ஒரு மாணவி முதலில் கேட்ட சொல் 'திருக்கழுக்குன்றம்'. எதற்கு இவ்வளவு பெரிய சொல் என்றேன். "பஸ் போர்டுல அதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ் கெளம்பிடுது மேடம்" என்றாள். நான்கு நாள் தடவினாள். 'ழு'வில் மட்டும் இன்னும் விரல் தயங்குகிறது.