சிவப்பு ஆமையும் பச்சை ஆமையும்: டிவி கேம்களின் நிறக்கணக்கு

வீடியோ கேம் வரலாறுன்னு யாராவது ஆரம்பிச்சா, உடனே "8 பிட், 16 பிட்"னு பிட்டு கணக்குல இறங்கிடுவாங்க. எனக்கு அதைவிட நிறக்கணக்குதான் சுவாரசியம். எந்தப் பெட்டி எத்தனை நிறம் காட்டுச்சு, அதுல நம்ம ஊருக்கு எத்தனை வந்து சேர்ந்துச்சு? கொஞ்சம் டெக்னிக்கலா போகும், பொறுத்துக்குங்க மக்களே :-)

முதல்ல 1977ல வந்த அட்டாரி 2600. மொத்த நினைவகமே 128 பைட். முழுத்திரைப் படத்தைச் சேர்த்து வைக்க அதுக்குள்ள இடமே கிடையாது. அதனால டிவியோட மின்கதிர் ஒவ்வொரு வரியா கீழே இறங்க இறங்க, புரோகிராம் அந்தந்த வரிக்கு என்ன நிறம்னு அப்பப்போ சொல்லிக்கிட்டே இருக்கணும். பவானியில ஜமக்காளம் நெய்யறதைப் பார்த்திருக்கீங்களா? ஊடை நூலை மாத்தினா அடுத்த பட்டை வேற நிறம். அதே சங்கதிதான். அமெரிக்க மாடலில் 128 நிறம் உண்டு, ஆனா ஒரு வரியில் சாதாரணமா நாலு நிறம்தான் வரும். பழைய அட்டாரி படங்கள்ல வானம் பட்டை பட்டையா இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம். இதுல படம் போடறதுக்குன்னே தனி சிப். திரை 256க்கு 240 புள்ளி. கையில் சுமார் 54 நிறம், ஆனா ஒரே நேரத்தில் 25தான். கணக்கு இப்படி: பின்னணிக்கு 4 தட்டு, தட்டுக்கு 3 நிறம், எல்லாத்துக்கும் பொதுவா 1, ஆக 13. நகரும் உருவங்களுக்கு இன்னொரு 4 தட்டு, தட்டுக்கு 3, ஆக 12. அதுலயும் பின்னணியில 16க்கு 16 புள்ளிக் கட்டம் முழுக்க ஒரே தட்டுலதான் நிறம் எடுக்கணும்.

இந்தக் கஞ்சத்தனத்துக்குள்ள தான் 1985ல சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்துச்சு. மொத்த கேமும் 40 கேபி. அதுல வர்ற மேகத்தையும் புதரையும் உத்துப் பாருங்க, ரெண்டும் ஒரே படம். தட்டை மாத்தினா வெள்ளை மேகம் பச்சைப் புதர் ஆயிடும். மாரியோவுக்கும் மூணே நிறம், அதனாலதான் முடி, சட்டை, ஷூ எல்லாம் ஒரே பழுப்பு. ஒரு வரியில 8 உருவத்துக்கு மேல வந்தா மிச்சம் தெரியாது. அதைச் சமாளிக்க மாத்தி மாத்திக் காட்டுவாங்க. எதிரிங்க கூட்டமா வரும்போது மினுங்கினது அதுக்குத்தான். நாங்க டிவி ரிப்பேர்னு நினைச்சு மண்டையில தட்டுவோம்.

நாங்க விளையாடினது ஒரிஜினல் பெட்டி இல்லைங்க. காந்திபுரத்துலயும் டவுன்ஹால் பக்கமும் கடைகளில் கிடைச்சது அதோட நகல். சாமுராய், மீடியான்னு பல பேரு. பல நகல்களில் உள்ளே இருந்தது தைவான் யு.எம்.சி கம்பெனி சிப். பின்னாடி எல்லாத்தையும் ஒரே சிப்புல அடக்கி, மேலே கருப்பா ஒரு பொட்டு வச்சு மூடிட்டாங்க. ஜப்பான்ல டிவி நொடிக்கு 60 படம் காட்டும். 1982ல வண்ண ஒளிபரப்பு ஆரம்பிச்ச நம்ம ஊர் பால் முறையில் 50. அதனால ஜப்பான் கேசட்டைப் போட்டா மாரியோ ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடுவார், பாட்டும் இழுக்கும்.

இப்ப ஆமைக்கு வருவோம். எங்க பெரியம்மா வீடு கோபி பக்கம் ஒரு கிராமம். அங்கே 2000ங்களின் தொடக்கத்துலயும் சின்ன கருப்பு வெள்ளை டிவிதான். லீவுக்குப் போனா அதுலதான் கேம். மாரியோவுல பச்சை ஆமை திட்டு விளிம்புக்கு வந்தா யோசிக்காம கீழே விழும். சிவப்பு ஆமை திரும்பிடும். நிறம்தான் துப்பு. அங்கே எங்களுக்கு ரெண்டும் ஒரே சாம்பல் ஆமை!

ஏன் அப்படின்னு வேலைக்கு வந்தப்பறம் எமுலேட்டர்ல நிறத்தட்டைத் திறந்து பார்த்தேன். ஃபேமிகாமில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஹெக்ஸ்ல ரெண்டு இலக்க எண். முதல் இலக்கம் வெளிச்ச அளவு, ரெண்டாவது எந்த நிறம்ங்கறது. வெளிச்ச அளவு மொத்தமே நாலு. மாரியோவின் சிவப்பு ஆமை 16, பச்சை ஆமை 1ஏ. முதல் இலக்கம் ரெண்டுக்கும் 1. கருப்பு வெள்ளை டிவி நிறத்தை விட்டுட்டு வெளிச்சத்தை மட்டும் எடுக்கும். ஆக ரெண்டு ஆமையும் ஒண்ணு. பெரிசாக்கற காளானும் உயிர் குடுக்கற காளானும்கூட இதே கதைதான். எங்க அண்ணன் ஆமை நடக்கற விதத்தை வச்சு, "இது திரும்பற ஆமைடா"ன்னு மனப்பாடமா சொல்வான்.

சேகா பக்கம் வருவோம். 1985ன் மாஸ்டர் சிஸ்டத்தில் 64 நிறம், ஒரே நேரத்தில் 32. 1988ன் மெகா டிரைவில் 512 நிறம், திரையில் சுமார் 61. 1990ல வந்த நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமில் 32,768ல இருந்து 256. சேகா 1995ல ஷா வாலேஸ் மூலமா இந்தியாவுக்கு வந்துச்சு. 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்கப் பண்ணின ஏற்பாடு. அப்படியும் மெகா டிரைவ் விலை 18,000 ரூபாய்! எங்க வட்டாரத்துல தறி ஓட்டற வீட்டுப் பிள்ளைங்க அதைக் கனவுல கூடக் கேட்டிருக்காது. 512 நிறம் உலகத்துல இருந்துச்சு, எங்க கைக்கு வந்தது 25, பெரியம்மா வீட்டுல நாலஞ்சு சாம்பல்.

இன்னொரு விஷயம். மெகா டிரைவ் ஓவியர்கள் நிறப்பற்றாக்குறையைச் சமாளிக்கக் கோடுகளை நெருக்கி வரைவாங்க. 1991ன் சோனிக் முதல் கட்டத்து அருவி அப்படித்தான். பழைய கேபிள்ல, குழாய் டிவியில கோடுகள் கலந்து கண்ணாடி மாதிரித் தெரியும். இன்னிக்கு எல்சிடியில பார்த்தா வெறும் கம்பி. ஆக அந்தப் படத்துல பாதி கேசட்டுல இருந்துச்சு, மீதி டிவியில இருந்துச்சு.

அந்த டிவிங்கதான் இப்ப காயலான் கடைக்குப் போகுது. 2006 தேர்தலுக்கு அப்பறம் அரசாங்கம் குடுத்த இலவச கலர் டிவியும் குழாய் டிவிதான். கேசட்டை யாராவது கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வச்சிருப்பாங்க. எமுலேட்டர்ல சிவப்பு ஆமை எப்பவும் சிவப்பாத்தான் இருக்கும். சாம்பல் ஆமையைப் பார்த்து விளையாடின ஒரு தலைமுறை இருந்துச்சுங்கறதை எந்த எமுலேட்டரும் சொல்லாது, நாமதான் எழுதி வைக்கணும்.

உங்க வீட்டுல என்ன பெட்டி, என்ன டிவி? ஞாபகம் இருக்கறவங்க எழுதுங்க.

டிஸ்கி: பரண்ல குழாய் டிவி இருந்தா ஆக்கருக்குப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டி எடுத்துட்டு வந்துடறேன்.