வயல் மனையான வரலாறு

யூபிலி காணும் நம் பங்கில் பல குடும்பங்கள் இன்று குடியிருப்பது முன்னாளில் நெல் விளைந்த நிலத்தில் என்பதை இளையோர் அறியார். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் விசுவநாதர் கோயிலை எழுப்பிய காலந்தொட்டுத் தென்காசி, சிற்றாற்றுப் பாசனத்தை நம்பிய ஊர். 1904இல் கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதை திறக்கப்பட்டபின் மலைக்கு அப்பாலும் போக்குவரத்து வளர்ந்தது.

வயலைத் தரிசாக்கி, மண்சாலை போட்டு, கல் நட்டு விற்பது பிற்கால வழக்கம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் மூன்று சென்ட் வாங்கிய நம் தாய்மாருக்கு, அங்கீகாரம் பற்றிச் சொன்னவர் யார்? பத்திரம் பதிவாயிற்று, அதுவே போதும் என்றிருந்தனர்.

2016 செப்டம்பர் 9இல் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலம் காக்க வேண்டிய தடைதான். ஆயினும் மகள் திருமணத்திற்கென வைத்திருந்த மனையை விற்க வழியின்றித் தவித்தோர் பலர். 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கே அதில் இடமுண்டு. பிரித்து விற்றவர் இலாபத்தோடு விலகிவிட, வரன்முறைக் கட்டணம் பல இடங்களில் வாங்கிய ஏழையின் தலையிலேயே விழுந்தது. இது நியாயமன்று.

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மனை விற்கும் விளம்பரப் பலகைகள் குற்றாலம் சாலையிலும் நிற்கின்றன. முன்பணம் கொடுக்குமுன் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அந்நிலம் குளத்து நீர்ப்பிடிப்பா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள்.